தூங்கும் கண்ணும் ஏழு கற்களும்

ஏப்ரல் 16, 1996. செவ்வாய்

உப்பின் மேல் நின்ற மழைத்தண்ணீர் வற்றிவிட்டது. போன வாரம்வரை இரண்டு வானம் இருந்தது, மேலே ஒன்று, கீழே ஒன்று. இன்று ஒன்றுதான். நிம்மதி. கரையோரம் சேறு, அதைத் தாண்டினால் வெள்ளை. காற்று தன் வேலையை ஆரம்பித்திருக்கிறது; இனி நாளுக்கு நாள் கெட்டிப்படும்.

பள்ளியில் பத்தொன்பது பேர். எட்டுப் பேர் கினோவா அறுக்கப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்களுக்குக் கழித்தல்.

தலைநகரிலிருந்து அந்த வரைபடம் கடைசியில் வந்து சேர்ந்தது. நல்ல தாள். துனுபா மலையிலிருந்து தென்கரைவரை மொத்த உப்புவெளியும், அதில் நீலப் புள்ளிகளாக நாற்பத்து மூன்று கண்களும். உப்புத் தரை பிளந்து அடித்தண்ணீர் கொப்பளிக்கும் குழியைக் கண் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம். நாற்பத்து மூன்றையும் சைக்கிளில் போய் அளந்தவன் நான். அகலம், ஆழம், குமிழி வரும் வேகம், தண்ணீரின் குளிர். பதினொரு வருஷம். என் நோட்டை வாங்கிக்கொண்டு போன இரண்டு இன்ஜினியர்களின் பெயரும் கீழே இருக்கிறது. அப்புறம் பொடி எழுத்தில்: ‘உள்ளூர் வழிகாட்டி ஒருவரின் உதவியுடன்.’

ஒருவர்.

லெயோகாதியா சூப் கொண்டுவந்தாள். என் தங்கை, லாரிக்காரன் நெமேசியோவின் மனைவி. வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “நம்ம ஊரு எங்கண்ணே இருக்கு?” என்றாள். நம்ம ஊர் இதில் இல்லை என்றேன்.

“ஊரே இல்ல. உன் பேரு மட்டும் எப்படி இருக்கும்?” என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவப் போனாள்.

ஏப்ரல் 18, வியாழன்

உதடு வெடித்து ரத்தம். பேசாமல் இருக்க ஒரு காரணம்.

ஏப்ரல் 20, சனி

நாற்பத்து நான்கு.

காலையில், உப்புக்கு நடுவே பாறைத் திட்டாக நிற்கும் மீன் தீவை நோக்கி மிதித்தேன். பதினோராவது கிலோமீட்டரில், போன வருஷத்து லாரித் தடத்தின் மேலேயே, கட்டங்கள் நின்றுபோயிருந்தன. உப்புத் தரை முழுக்க ஆறு பக்கக் கட்டங்கள்தானே, ஓரம் விரல் உயரத்துக்கு எழும்பி, பார்வை போகிற தூரம்வரை. அங்கே மட்டும் நான்கு மீட்டர் அகலத்துக்கு ஒன்றுமில்லை. வழவழவென்று, சுற்றியிருக்கும் வெள்ளையைவிடக் கொஞ்சம் கூடுதல் வெள்ளையாக. வேறு யாராவது என்றால் நல்ல இடம் என்று உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்திருப்பார்கள்.

கடப்பாரையால் தட்டினேன். காலிப் பெட்டியைத் தட்டின சத்தம். மூன்றாவது குத்தில் உள்ளே போய்விட்டது. மூடியின் கனம் ஒரு சாண். அதற்குக் கீழே தண்ணீர். கடப்பாரையைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். ஆறு மீட்டர் கயிறும் தீர்ந்தது, அடி தட்டவில்லை.

திறந்த கண் யாரையும் ஒன்றும் செய்யாது. பச்சையாக, கொப்பளித்துக்கொண்டு, தூரத்திலேயே தெரியும். இது தூங்கும் கண். மழையில் திறந்து, வற்றும்போது மேலே இமை கட்டிக்கொண்டது. ஒரு மனிதனைத் தாங்கும், சைக்கிளைத் தாங்கும். நெமேசியோவின் லாரியைத் தாங்காது. அவன் முன்சக்கரம் சரியாக அங்கேதான் வரும்.

நாளை ஊர்க்கூட்டம். சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 21, ஞாயிறு

சொல்லவில்லை.

எழுதிவைக்கிறேன், பிறகு நானே மாற்றிச் சொல்லிக்கொள்ளாமல் இருக்க. லாரிப் பாதையை மே ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை திறப்பது என்று தலைவர் குமெர்சிந்தோ சொன்னார். யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். நான் எழுந்தேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் எழுந்தேன். “கண்…” என்று ஆரம்பித்தேன். ஒரே ஒரு சொல்.

பின்வரிசையிலிருந்து நெமேசியோ. “எந்தக் கண்ணு? கலாமாவுக்கு பஸ் ஏறிப் போச்சே, அந்தக் கண்ணா?”

கூடமே சிரித்தது. என்னை விட்டு, எல்லைக்கு அப்பால் கலாமாவுக்கு பஸ் ஏறிப் போனவள் என் மனைவி.

“குழி டாக்டரை விடுங்கப்பா, பேசட்டும்,” என்று யாரோ சொன்னார்கள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அந்தப் பெயரும் அவன் வைத்ததுதான். ஆறு வருஷம் முன்னால், ஒவ்வொரு கண்ணுக்கும் எண் போட்டுப் பலகை நட வேண்டும் என்று இதே கூடத்தில் சொன்ன அன்று. மறுநாள் பள்ளிச் சுவரில் கரியால் எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை.

தலைவர் கையைத் தட்டினார். “சொல்லுங்க வாத்தியாரே.”

ஒன்றுமில்லை என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

ஒன்றுமில்லையாம். ஆறு மீட்டர் ஒன்றுமில்லை.

ஏப்ரல் 24, புதன்

தலைவரிடம் தனியாகப் போய்ச் சொல்லலாம். சொன்னால் என்ன செய்வார்? ஊரைக் கூட்டி, “நம்ம வாத்தியார் ஒரு குழி பார்த்திருக்கார்” என்பார். மறுபடி அதே சிரிப்பு. நான் எதற்கு அவர்கள் வாயில் விழ வேண்டும்? அடையாளம் வைத்துவிட்டால் போதும். புத்தியுள்ளவன் பார்த்துப் போகட்டும்.

ஏப்ரல் 27, சனி

வைத்துவிட்டேன். உப்பின் மேல் கல் ஏது. கரையிலிருந்து ஏழு கருங்கல் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். பின்சக்கரம் முனகிக்கொண்டே வந்தது. கண்ணின் விளிம்புக்கு மூன்று எட்டு முன்னால், தடத்தின் நடுவில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். இன்ஜினியர்களோடு திரிந்த காலத்தில் இப்படித்தான் வைப்போம். கல் குவியல் என்றால் தாண்டாதே என்று பொருள்.

வெள்ளையில் கறுப்பு. இரண்டு கிலோமீட்டரிலிருந்தே தெரிகிறது. ஒரு வார்த்தை பேசாமல் காரியம் முடிந்தது. திரும்பும்போது எதிர்க்காற்றுகூட உறைக்கவில்லை.

மே 1, புதன்

விடுமுறை. பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன்.

ஏழு வைத்தேன். பத்தொன்பது இருக்கிறது.

உச்சியில் ஒரு வெள்ளைக் கல். இடுக்குகளில் கோக்கா இலை. ஒரு பக்கம் முழுக்கச் சாராய வாடை, கல்லில் அது வழிந்த கறை. திருவிழாவில் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் வண்ணக் காகிதச் சுருள் ஒன்று, காற்றில் படபடத்துக்கொண்டு. சைக்கிளில் தீவுக்குப் போகிறவர்கள், உப்பு வெட்டுகிறவர்கள், யாரெல்லாமோ நின்று ஆளுக்கு ஒரு கல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உப்பில் கல் இல்லையே, எங்கிருந்து? கரையிலிருந்து எடுத்து வந்திருக்கிறார்கள். செய்தி பரவி, தயாராக வந்திருக்கிறார்கள்.

அப்பச்செத்தா என்று நினைத்துவிட்டார்கள்.

மலைக்கணவாயில் கல் குவியல் இருந்தால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? நிற்பார்கள். இறங்குவார்கள். கல் வைப்பார்கள், மென்ற இலையை வைப்பார்கள், ஊற்றுவார்கள், மலையிடம் வழித்துணை கேட்பார்கள். யாரும் ஒதுங்கிப் போக மாட்டார்கள். தேடி வருவார்கள். நான் தாண்டாதே என்று எழுதினேன். வா, இங்கே நில் என்று படித்துக்கொண்டார்கள்.

சமதரையில் எவன் அப்பச்செத்தா கட்டுவான், முட்டாள்களா!

மே 5, ஞாயிறு

கூட்டத்துக்குப் போகவில்லை. கடப்பாரையோடு அங்கே போனேன்.

கண் அகலமாகிறது. அடியில் தண்ணீர் உப்பைத் தின்றுகொண்டிருக்கிறது. போன மாதம் கெட்டியாக இருந்த இடத்தில், குவியலுக்கு இந்தப் பக்கமே, காலிப் பெட்டிச் சத்தம். குவியல் இப்போது இமை மேல் இருக்கிறது. இப்போது இருபத்தாறாகிவிட்ட கல்லின் கனமும் அதன் மேல்.

கலைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கல்லை இழுத்து, கண்ணுக்கு ரொம்ப முன்னாலேயே தடத்துக்குக் குறுக்காகப் பரப்பிவிட்டால் அது அப்பச்செத்தா மாதிரி இராது. உச்சியில் இருந்த வெள்ளைக் கல்லைத் தொட்டேன். அதன் அடியில் மூன்று கோக்கா இலைகள், ஒழுங்காக, நரம்பு கீழே பார்க்க. யாரோ எதற்காகவோ வேண்டிக்கொண்டு வைத்தது.

கை போகவில்லை. நான் மலையைக் கும்பிடுகிறவன் இல்லை. பிள்ளைகளுக்கு எரிமலை எப்படி உண்டாகிறது என்று படம் போட்டுக் காட்டுகிறவன். கை போகவில்லை, அவ்வளவுதான்.

இனி வாயால் சொல்வதைத் தவிர வழியில்லை. வியாழனுக்கு நான்கு நாள்.

மே 7, செவ்வாய்

தலைவர் அறுவடைக்குப் போயிருக்கிறார், வியாழன் காலைதான் வருவாராம். நெமேசியோவின் வீட்டு வாசல்வரை போனேன். லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தான். என் செருப்பு அவனுக்குத் தெரிந்திருக்கும். பாட்டு நிற்கவில்லை. கொஞ்சம் சத்தமாகியது.

திரும்பிவிட்டேன்.

மே 8, புதன்

பள்ளி விட்டதும் லெயோகாதியா வந்தாள். வறுத்த கினோவா மாவு ஒரு பை, காய்ந்த லாமா இறைச்சி. நாளை அவளும் லாரியில் போகிறாளாம். உப்புக்கு அக்கரையில், உயுனியில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது.

“போகாதே,” என்றேன்.

“ஏன்?”

“பாதை இன்னும் சரியில்ல.”

“ஊரே சரின்னு சொல்லுது, உனக்கு மட்டும் சரியில்லயா? பாதி வழியில புது அப்பச்செத்தாவே வந்திருக்காம். தானா முளைச்ச மாதிரி, யார் வெச்சான்னே தெரியலயாம். துனுபா அம்மாவே வெச்சதுன்னு பேசிக்கறாங்க. முதல் ஓட்டத்துக்கு அங்க நிறுத்தி ஊத்தணும்னு இவரு ரெண்டு பாட்டில் வாங்கி வெச்சிருக்காரு.”

“அங்க நிறுத்த வேணாம்னு அவன்கிட்ட சொல்லு.”

அவள் பையைக் கீழே வைத்தாள். “ஆறு வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரி. அவன்கிட்ட சொல்லு, அவர்கிட்ட சொல்லு. இனிமே முடியாது. சொல்லணும்னா நீயே வந்து அவரு மூஞ்சியப் பார்த்து சொல்லு.”

“லெயோகாதியா, அது…”

“அவரு லாரி வெச்சிருக்காரு, ஊரு அவரைக் கேட்டு நடக்குது. அதான் உனக்குப் பொறுக்கல. எனக்குத் தெரியாதா?”

அத்தோடு என் வாய் மூடிக்கொண்டது. அவளும் போய்விட்டாள்.

‘அந்தக் கல்லுக்கு அடியில் கண் இருக்கிறது.’ ஐந்து சொல். மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். இப்போது எழுதினேனே, கை தடுக்கவில்லை. எழுத வருகிறது.

இன்னும் வெளிச்சம் இருக்கிறது. அவன் வீடு நூறு அடி. போகலாம்.

போகவில்லை. காலையில் கிளம்பும் முன் சொல்லிவிடுவேன்.

மே 9, வியாழன். மாலை

எழுத்து கோணல். இருக்கட்டும்.

காலையில் போகவில்லை. எட்டு மணிக்குப் பள்ளியைத் திறந்தேன். பலகையில் ஆறுகளின் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். கரையில் லாரி மூன்று முறை ஹாரன் அடித்தது. முதல் ஓட்டம், கரையில் ஊற்றுவார்கள், கொஞ்சம் ஆடுவார்கள், பிறகு கிளம்புவார்கள். சுண்ணாம்புக் கட்டி கையில் உடைந்தது. பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்தேன்.

கரையில் அவர்களைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. பதினைந்து பேருக்கு நடுவில் போய் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்க— முன்னால் போய்விடலாம், அங்கே போய்க் குவியலுக்கு முன்னால் நிற்கலாம், என்னைப் பார்த்தால் நிறுத்தித்தானே ஆக வேண்டும் என்று கரையைச் சுற்றி உப்பில் இறங்கினேன். அப்போதுகூடப் பேசாமல் முடிக்கத்தான் பார்த்தேன்.

ஏழாவது கிலோமீட்டரில் லாரி பின்னால் வந்துவிட்டது. கையை ஆட்டினேன். கத்தினேன். “நிறுத்து! நிறுத்துடா!” மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்கள்.

“டாக்டர் ரேஸுக்கு வர்றாருடோய்! மிதிங்க, மிதிங்க!”

லெயோகாதியா மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு போனாள். லாரி சின்னதாகிக்கொண்டே போனது. பிறகு தரையைவிட்டு எழும்பி, கானலில் மிதந்து, நின்றது. அங்கே.

நான்கு கிலோமீட்டர். நெஞ்சில் காற்று இல்லை. வெள்ளை, வெள்ளை, நடுவில் கறுப்புப் புள்ளி. எவ்வளவு மிதித்தாலும் அது கிட்டே வரவில்லை. இப்போ போயிடும், இப்போ போயிடும்னு ஒவ்வொரு மிதிக்கும். பாட்டு கேட்டது. உப்பில் சத்தம் எவ்வளவு தூரம் வருகிறது!

நாற்பது எட்டு தள்ளிச் சைக்கிளைப் போட்டேன். எல்லோரும் குவியலைச் சுற்றி நின்றிருந்தார்கள். லாரியின் முன்சக்கரம் கல்லிலிருந்து ஓர் ஆள் நீளம்கூடத் தள்ளி இல்லை.

“மாப்பிள்ளை!” என்றேன்.

ஆறு வருஷமாக நான் அவனை அப்படிக் கூப்பிடவில்லை. பாட்டு நின்றுவிட்டது.

“என்ன மச்சான்,” என்றான் நெமேசியோ, கையில் பாட்டிலோடு. “துனுபா அம்மாவுக்கு ஊத்தறதுக்குமா உன் பர்மிஷன் வேணும்?”

“நீ நிக்கிறது இமை மேல. எல்லாரும் இமை மேல நிக்கறீங்க. அடியில கண்ணு இருக்கு. யாரும் ஓடாதீங்க.”

“குழி டாக்டர் வைத்தியம் பார்க்க வந்துட்டாருப்பா,” என்று சொல்லிவிட்டு, வேடிக்கைக்குக் காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்தான்.

சத்தம் எல்லோருக்கும் கேட்டது. காலிப் பெட்டி.

யாரும் சிரிக்கவில்லை. அவன் தூக்கிய மறுகாலை அப்படியே வைத்திருந்தான், கீழே வைக்கப் பயந்து.

ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வகுப்பில் கூப்பிடுகிற மாதிரி. தடத்திலேயே, வந்த அடியிலேயே, மெதுவாக. கனமானவர்கள் கடைசியில். லெயோகாதியா ஒன்பதாவது. என்னைக் கடக்கும்போது என் கையைத் தொட்டாள். பதினான்கு பேர் வந்துவிட்டார்கள். நெமேசியோ வரவில்லை. லாரியில் ஏறினான்.

“விட்டுட்டு வா!”

“இதை விட்டுட்டு வந்து என்ன மச்சான் பண்ணுவேன்? நீ தட்டு. நான் பின்னால எடுக்கறேன்.”

கடப்பாரை அவன் லாரியில் இருந்தது, ஜன்னல் வழியாக நீட்டினான். நான் பின்சக்கரத்துக்குப் பின்னால் தட்டிக்கொண்டே போனேன். இடது பக்கம் காலி. வலது பக்கம் கெட்டி. “வலது… இன்னும் வலது… நேரா. நிறுத்து. வா.” என்ஜின் முனகலில் தரை என் காலடியில் லேசாக மேலும் கீழும் போனது, தூங்குகிறவனின் வயிறு மாதிரி. “வா… வா…” முன்சக்கரம் கட்டங்கள் இருக்கும் இடத்தைத் தொட்டதும் நிறுத்தச் சொன்னேன்.

அப்போதுதான் போனது. பெரிய சத்தம்கூட இல்லை. குவியல் ஒரு பக்கம் சாய்ந்தது. வெள்ளைக் கல், காகிதச் சுருள், கறுப்புக் கற்கள், ஒவ்வொன்றாக உள்ளே. பிறகு பச்சைத் தண்ணீர் ஏறி வந்து கொப்பளித்தது. சக்கரம் நின்றிருந்த இடம் முழுக்கக் கண்.

காலையில் ஊர் திரும்பி லாரியில் ஏறியிருந்த தலைவர் குமெர்சிந்தோதான் கேட்டார். “முதல் கல்லு யாரு வெச்சது?”

“நான்.”

“எதுக்கு?” என்றான் நெமேசியோ.

“நீங்க யாரும் வராம இருக்க.”

அவன் என்னைப் பார்த்தான். கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டான்.

“கல்லு வெச்சா நாங்க வருவோம்னு உனக்குத் தெரியாதா மச்சான்? நீயும் இந்த ஊரான்தானே?”

மே 10, வெள்ளி

தெரியாதா?

மே 11, சனி

ஒன்றாம் தேதியே பார்த்தேன். ஐந்தாம் தேதி அளந்தேன். எட்டாம் தேதி தங்கை எதிரில் நின்றாள். கல் வைத்த அன்று தெரியாது என்று சத்தியம் செய்வேன். ஒன்றாம் தேதிக்குப் பிறகான எட்டு நாளுக்கு என்ன சத்தியம் செய்வது?

இன்ஜினியர்கள் என் பெயரை விட்டதை மன்னிக்க மாட்டேன். ஆனால் அவர்கள் யாரையும் இமை மேல் நிற்க வைக்கவில்லை.

மே 12, ஞாயிறு

கூட்டத்தில் எழுந்து நின்றேன். தேதி தேதியாகச் சொன்னேன், இந்த நோட்டைப் பார்த்து. யாரும் குறுக்கே பேசவில்லை. பின்வரிசையும் பேசவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அன்று ‘கண்’ என்று நான் எழுந்தது எதற்கு என்று இப்போது எல்லோருக்கும் புரிந்திருந்தது.

ஊர் முடிவு: உப்பு காய்ந்திருக்கும் காலம் முழுவதும் சனிக்கிழமை நான் பாதையைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சொல்ல வேண்டும். கல் வைக்கக் கூடாது. எழுதிக் கொடுக்கவும் கூடாது.

“வாயால சொல்லணும் வாத்தியாரே,” என்றார் தலைவர். “நோட்டுல பூட்டி வெக்கறதுக்கு இல்ல கண்ணு.”

தண்டனையா, பதவியா? கேட்கவில்லை.

மே 16, வியாழன்

லெயோகாதியா பேத்தியோடு படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். பிள்ளைக்கு நெமேசியோவின் மூக்கு. பாவம்.

மே 19, ஞாயிறு

சொன்னேன். இரண்டு நிமிஷம். நான்கு கேள்வி கேட்டார்கள். ஒன்று நல்ல கேள்வி.

மே 25, சனி

தட்டிக்கொண்டே பதினோராவது கிலோமீட்டர்வரை போனேன். கண் திறந்தே இருக்கிறது. புதுத் தடம் அதற்கு வலது பக்கமாக, கெட்டியில், நான் சொன்ன இடத்தில் வளைந்து போகிறது.

விளிம்புக்கு இருபது எட்டு முன்னால் லாரியின் பழைய டயர் ஒன்று நட்டிருந்தது. டயருக்கு யாரும் சாராயம் ஊற்ற மாட்டார்கள். நல்ல யோசனை, எனக்கு வந்திருக்க வேண்டும். வெள்ளைப் பெயின்டில், அந்த முரட்டுக் கையெழுத்தில், பெரிதாக ஒரே சொல்: கண். பள்ளிக்கூடத்து ஸ்பானிய மொழியில் கண்ணுக்கும் ‘ஜாக்கிரதை’க்கும் அதே சொல்தான். படிக்கிறவன் எப்படிப் படித்தாலும் சரி.

அதற்குக் கீழே சின்னதாக: குழி டாக்டர்.

டாக்டரில் ஓர் எழுத்து தப்பு. நெமேசியோ நான்காம் வகுப்போடு நின்றவன். பையில் பிள்ளைகளின் பெயின்ட் டப்பா இருந்தது, தூரிகையும் இருந்தது. டயருக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். குமிழி வரும் வேகத்தை எண்ணினேன், நிமிஷத்துக்கு முப்பத்தொன்று.

திருத்தாமல் வந்துவிட்டேன்.